ஏற்காட்டுச் சரிவில் 300 சதுர அடி வீடு: கண்டெய்னரா, சக்கரமா, மண்ணா?

கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் சேலம் அஸ்தம்பட்டியில் வாடகை வீட்டில் இருக்கிறார். கணவன், மனைவி, ஏழு வயது மகள். ஏற்காட்டில் பெரிய சாலையை விட்டு உள்ளே தள்ளி, சரிவில் ஆறு சென்ட் இடம் விலை பேசிக்கொண்டிருக்கிறார்கள். அதில் 300 சதுர அடிக்கு மேல் போகாமல் ஒரு வீடு வேண்டும், கண்டெய்னர் வீடு (கப்பல் சரக்குப் பெட்டியில் செய்வது), சக்கரத்தில் நிற்கும் வீடு, மண் வீடு மூன்றில் எது சரி என்று கேட்டிருக்கிறார். கூடவே போகிற போக்கில், "இன்னொரு இருபது வருடக் கடன் வேண்டாம், இத்தனை சாமான்களும் வேண்டாம்" என்று ஒரு வரி. எனக்கு அந்த வரிதான் கேள்வியாகத் தெரிகிறது. கண்டெய்னரும் சக்கரமும் வீடியோவில் பார்த்து வந்த ஆசை. கடன் இல்லாமல், கொஞ்சம் சாமானோடு, மூன்று பேர் மலைமேல் வாழ முடியுமா என்பதுதான் உள்ளே இருக்கும் கவலை. முடியும் என்றுதான் சொல்வேன். ஆனால் அந்த மூன்றில் எதை எடுக்கிறீர்கள் என்பதை விட, வீட்டுக்கு வெளியே கூரைக்கு அடியில் எவ்வளவு இடம் விடுகிறீர்கள் என்பதே அதைத் தீர்மானிக்கும். ஏன் என்று சொல்கிறேன்.

நான் சிவில் டிப்ளமோ படித்துவிட்டு இருபத்தாறு வருடமாகச் சேலத்தில் வீடு கட்டிக் கொடுக்கிறவன். பெரும்பாலும் ஊருக்குள் வழக்கமான கான்கிரீட் வீடுகள். மலையில் செய்தது பதினோரு வேலை, அதில் ஐந்துதான் 400 சதுர அடிக்குக் கீழே. நான் சொல்வதை அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொரு தகுதியும் உண்டு. கல்யாணமான புதிதில் சேலத்தின் குகைப் பகுதியில் ஒரு நெசவாளர் வீட்டின் பின்கட்டில், 220 சதுர அடியில், ஆறு வருடம் குடியிருந்தோம். மூத்தவன் தவழ்ந்ததும் நடந்ததும் அங்கேதான். ('சின்ன வீடு' என்று எழுதினால் நம் ஊரில் வேறு அர்த்தம் வந்துவிடும், அதனால் கவனமாகச் சிறிய வீடு என்றே எழுதுகிறேன்.)

சேலத்துக்காரர்களுக்குச் சிறிய வீடு ஒன்றும் புதிது இல்லை. அம்மாப்பேட்டை, குகைப் பக்கத்துப் பழைய நெசவாளர் வீடுகளில் முன்னறையின் பாதியைக் குழித்தறி எடுத்துக்கொள்ளும். மிச்சத்தில்தான் சமையல், சாப்பாடு, தூக்கம், சாமி படம், பிள்ளைகள் படிப்பு எல்லாம். கட்டில் கிடையாது. விடிந்ததும் பாய் சுருண்டு மூலையில் நின்றுவிடும். துணி கொடியில், அன்றாடம் எடுக்காத பாத்திரம் அட்டாலியில், அதாவது பரணில். நெசவின் நீள இழைகளை விரித்துப் பாவு போடுவது தெருவில். அந்த வீட்டின் நீளமான அறை தெருதான். தோட்டத்துச் சாளையை (குடிசையை) எடுத்துக்கொண்டாலும் அதே கதை: சாமான் வைக்கவும் மழைக்கு ஒதுங்கவும் சாளை, மற்ற எல்லாவற்றுக்கும் களமும் வேப்பமர நிழலும். மேலே மலையாளிப் பழங்குடி மக்களின் பழைய வீடுகளில் மூங்கில் தட்டியில் மண் பூசிய சுவர், புல் வேய்ந்த கூரை, முன்னால் சாணி மெழுகிய திண்ணை. பகலில் அந்த வீடுகளுக்குள் ஆளைப் பார்ப்பதே அரிது, எல்லாரும் திண்ணையிலும் வாசலிலும் இருப்பார்கள். எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளும் சிறியவைதான், ஆனால் அவற்றை நான் உதாரணமாகக் காட்ட மாட்டேன். அங்கே இருந்தவர்கள் விரும்பிக் குறுகி வாழவில்லை. எளிமை என்று நாம் காபி குடித்துக்கொண்டே பேசும்போது அதையும் கொஞ்சம் நினைவில் வைப்பது நல்லது.

சரி, சக்கர வீட்டை முதலில் முடித்துவிடலாம், அதுதான் சுலபம். அமெரிக்காவில் அந்த வழக்கம் பரவியதற்கு ஒரு காரணம் அங்குள்ள உள்ளூர் விதிகள். பல ஊர்களில் இத்தனை சதுர அடிக்குக் குறைவாக வீடு கட்டவே விடமாட்டார்கள். அடியில் சக்கரத்தை மாட்டினால் கணக்கில் அது வண்டி, வீடு இல்லை. அவர்களே 2018-ஆம் ஆண்டு மாதிரிக் கட்டட விதிகளில் 400 சதுர அடிக்கு உட்பட்ட வீடுகளுக்கென்று ஒரு பின்னிணைப்பைச் சேர்த்தார்கள். நமக்கு அந்தத் தலைவலி பெரிதாக இல்லை. நம் தேசியக் கட்டட விதித்தொகுப்பு ஒரே அறை உள்ள வீட்டுக்குக் கேட்பது 9.5 சதுர மீட்டர் அறை, அகலம் 2.4 மீட்டருக்குக் குறையாமல். சமையலறை 5 சதுர மீட்டர். குளியலறையும் கழிவறையும் சேர்ந்திருந்தால் 2.8. எல்லாவற்றையும் கூட்டினால் 186 சதுர அடிதான் வருகிறது. பிரதம மந்திரி ஊரக வீட்டுத் திட்டத்தில் குறைந்தபட்ச அளவு 25 சதுர மீட்டர், அதாவது 270 சதுர அடிக்குக் கொஞ்சம் கீழே. தமிழக அரசின் கலைஞர் கனவு இல்லம் 360 சதுர அடி. ஆக, உங்கள் 300 சதுர அடி இந்த ஊரில் விசித்திரமே இல்லை, விதியை ஏமாற்றச் சக்கரமும் தேவையில்லை. சக்கரம் என்றால் வண்டிப் பதிவு வேண்டும், சாலை விதிப்படி 2.6 மீட்டர் அகலத்துக்கு மேல் போகக் கூடாது, இருபது கொண்டை ஊசி வளைவுகளில் இழுத்து ஏற்ற வேண்டும். ஏற்றிய பிறகு சரிவில் நிறுத்த எப்படியும் கான்கிரீட் மேடை கட்டத்தான் வேண்டும். தண்ணீர்க் குழாயும் கழிவறைக் குழியும் மின் இணைப்பும் கொடுத்துவிட்டால் எந்த அதிகாரியும் அதை வண்டியாகப் பார்க்க மாட்டார் என்பது என் கணிப்பு. இதை விட்டுவிடுங்கள்.

கண்டெய்னருக்கு வருகிறேன். இருபது அடிப் பெட்டியின் உள்ளளவு ஏறக்குறைய 19 அடி 4 அங்குலம் நீளம், 7 அடி 8 அங்குலம் அகலம், மொத்தம் 150 சதுர அடி. சுவருக்கும் கூரைக்கும் வெப்பத்தடுப்பு வைத்துப் பலகை அடித்தால் அகலம் ஏழு அடிக்குப் பக்கத்தில் வந்துவிடும். ஒரு கட்டில் போட்டால் பக்கத்தில் ஒரு ஆள் திரும்பி நடக்க மட்டும் இடம். நாற்பது அடிப் பெட்டி 300 சதுர அடி தரும், ஆனால் அதை ஏற்காடு வளைவுகளில் கொண்டுவர எனக்குத் தெரிந்த எந்த லாரிக்காரரும் ஒப்புக்கொள்ள மாட்டார். இருபது அடிப் பெட்டி காலியாகவே இரண்டே கால் டன் எடை, அதை இறக்கி வைக்கக் கிரேன் உங்கள் இடம் வரை போக வேண்டும். எஸ்டேட்டுக்குள் போகும் மண் பாதையில் மழைக்காலத்தில் டிராக்டரே புதைகிறது. பெட்டியின் பலம் முழுவதும் நான்கு மூலைத் தூண்களிலும் சட்டத்திலும் இருக்கிறது. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கலாம், ஆனால் ஜன்னலுக்கும் அகலமான கதவுக்கும் பக்கத் தகட்டை வெட்டினால் அங்கே பலம் போய்விடும். வெட்டிய இடத்தைச் சுற்றி இரும்புச் சட்டம் பற்ற வைக்க வேண்டும். உள்ளே இருக்கும் பழைய மரத்தரை பூச்சிமருந்து ஏற்றியதாக இருக்கும், குழந்தை இருக்கும் வீட்டில் அதைப் பெயர்த்து எடுப்பதே நல்லது.

இதையெல்லாம் கூடச் சமாளிக்கலாம். மலையில் கண்டெய்னரின் உண்மையான எதிரி பனிமூட்டம். ஒரு காபித் தோட்டத்தில் விருந்தினர் அறைக்காக நான் ஒரு பெட்டியைச் செய்து கொடுத்தேன். உள்பக்கம் வெப்பத்தடுப்பு ஒட்டி, மேலே பலகை அடித்து, அழகாகத்தான் இருந்தது. மார்கழியில் உரிமையாளர் கூப்பிட்டார், மெத்தை நனைகிறது என்று. கூரை ஒழுகுகிறது என நினைத்து ஏறிப் பார்த்தால் ஒரு துளை இல்லை. ராத்திரி தகடு சில்லிட்டுப் போகிறது, உள்ளே தூங்குகிறவர்களின் மூச்சில் வரும் ஈரம் பலகை இடுக்கு வழியாகப் போய்த் தகட்டில் பட்டுத் தண்ணீராகிச் சொட்டுகிறது. குளிர்ந்த சொம்பின் வெளியே வியர்ப்பது போலத்தான். தவறு என்னுடையது. தடுப்பை வெளிப்பக்கம் போட்டு, அதற்கு மேலே தனியாக ஒரு ஷீட் கூரையும் நிழலுக்கு அமைத்திருக்க வேண்டும். பிறகு அப்படித்தான் திருத்தினோம். அந்தச் செலவையும் சேர்த்துப் பார்த்தால் அதே அளவு செங்கல் அறை கட்டியிருக்கலாம். கீழே சேலத்தில் நிலைமை தலைகீழ்: சித்திரை வெயிலில் வெறும் பெட்டி அடுப்பு. ஊர் 280 மீட்டர் உயரம், ஏற்காடு 1,500 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறரை டிகிரி குறையும் என்கிற பொதுக் கணக்கில் எட்டு டிகிரி வித்தியாசம். எனவே கீழே பார்த்த வீட்டை மேலே கட்டவோ, மேலே பார்த்ததைக் கீழே கட்டவோ கூடாது. இது ஒன்றைத்தான் கட்டட விஷயத்தில் நான் அடித்துச் சொல்வேன்.

மண் வீடு எனக்குப் பிடித்த விஷயம், அதனால் கொஞ்சம் நீளும். மண் வீடு என்று சொன்னாலே இரண்டு வேறு பொருட்களை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று, வெறும் மண்ணைக் குழைத்து அடுக்கியோ தட்டியில் பூசியோ எழுப்பும் சுவர். இன்னொன்று, மண்ணில் ஐந்து சதவீதம் போலச் சிமெண்ட் கலந்து இயந்திரத்தில் அழுத்தி எடுக்கும் கட்டி. இரண்டாவதை ஆரோவில்லில் பல வருடமாகச் செய்கிறார்கள், பயிற்சியும் தருகிறார்கள். நல்ல கலவைக்கு அவர்கள் சொல்லும் அளவு: சரளை 15, மணல் 50, வண்டல் 15, களி 20 சதவீதம். உங்கள் மண் எப்படி என்று பார்க்க ஆய்வுக்கூடத்துக்குப் போகும் முன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். கண்ணாடிப் பாட்டிலில் பாதி மண், மேலே தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு, நன்றாகக் குலுக்கி ஒரு நாள் அசையாமல் வையுங்கள். அடியில் மணல், நடுவில் வண்டல், மேலே களி என்று படியும், ஸ்கேல் வைத்து அளக்கலாம். இதில் வருவது உத்தேசம்தான், ஆனால் களி பாதிக்கு மேல் இருந்தால் அந்த மண் வெடிக்கும் என்பது உடனே தெரிந்துவிடும். சேர்வராயன் மலையில் செம்மண்ணுக்குப் பஞ்சமில்லை, மேல்மட்டத்தில் பாக்சைட் படிவமே இருக்கிறது, வெட்டியும் எடுத்தார்கள். ஆனால் சிவப்பாக இருக்கிறது என்பதற்காகவே கட்டிக்கு ஆகிவிடாது. காபித் தோட்டத்தின் மேல்மண் முழுக்க இலை மட்கு, அதைத் தனியாக ஒதுக்கி வைத்து வீடு முடிந்ததும் செடிக்குப் போடுங்கள். அடிமண்தான் கட்டிக்கு. அதற்காகச் சரிவை வெட்டி மண் எடுக்க வேண்டாம். கடக்கால், மழைநீர்த் தொட்டி, கழிவறைக் குழிகள் இவற்றைத் தோண்டும்போது வரும் மண்ணே 300 சதுர அடி வீட்டுச் சுவருக்கு ஏறக்குறைய போதும் என்பது என் கணக்கு.

மண்சுவரைப் பற்றி எல்லாரும் கேட்பது, மழையில் கரையாதா என்று. மேலே இருந்து விழும் மழையை விட, கீழே விழுந்து தெறிக்கும் தண்ணீர்தான் சுவரின் காலை அரிக்கும். அதனால் பேஸ்மட்டம் இரண்டு அடிக்குக் குறையாமல் கருங்கல்லில் வர வேண்டும். கல் இந்த மலையில் தாராளம். கூரை இறக்கம் சுவரைத் தாண்டி மூன்று அடி நீள வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் ஐந்து சதவீதக் கட்டியை வெளியே பூசாமலே விடலாம். வெறும் மண்சுவர் என்றால் வருடா வருடம் மண்ணும் சுண்ணாம்பும் பூசிப் பராமரிக்க வேண்டும், அந்த வேலையை நீங்களே விரும்பிச் செய்வீர்கள் என்றால் மட்டும் இறங்குங்கள். சிமெண்ட் பூச்சு மட்டும் வேண்டாம். என் முதல் மண் வேலையில் "பலமாக இருக்கட்டும்" என்று நான் செய்த காரியம் அது. சுவர் ஈரத்தை உள்வாங்கி மூச்சு விடப் பார்க்கிறது, சிமெண்ட் அதை அடைக்கிறது. இரண்டு மழைக்காலத்தில் பூச்சு தோசை மாதிரிப் பெயர்ந்து வந்தது. கரையானுக்குக் கல் பேஸ்மட்டத்தின் மேல் ஒரு மெல்லிய கான்கிரீட் பட்டை ஓட்டிவிட வேண்டும். சேலம் மிதமான நிலநடுக்க ஆபத்துள்ள பகுதி என்பதால், எந்தச் சுவராக இருந்தாலும் லிண்டல் மட்டத்தில், அதாவது கதவு ஜன்னலுக்கு மேலே, கம்பி போட்ட பெல்ட் கான்கிரீட் சுற்றி வர வேண்டும். இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

மண்கட்டிக்கு ஆள் கிடைப்பதுதான் சிரமம். சேலத்துக் கொத்தனார்கள் கெட்டிக்காரர்கள், ஆனால் மண் என்றாலே "எதுக்குங்க வம்பு, செங்கல்லே வெச்சிடலாம்" என்பார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆள் கிடைக்காவிட்டால் எலிப்பொறிக் கட்டு முறையில் நாட்டுச் செங்கல் சுவர் எழுப்புங்கள். செங்கல்லைக் குத்துவாட்டில் நிறுத்தி நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டுவது. கேரளத்தில் லாரி பேக்கர் பிரபலமாக்கிய முறை, கால்வாசிச் செங்கல் மிச்சமாகும், நடுவில் காற்று நிற்பதால் குளிரும் வெயிலும் மெதுவாகத்தான் உள்ளே வரும். ஒரு நாள் சொல்லிக் கொடுத்தால் நம் ஆட்கள் பிடித்துக்கொள்கிறார்கள், நான் பார்த்திருக்கிறேன்.

கூரைக்கு ஓடு அழகு. ஆனால் ஏற்காட்டில் குரங்கு இருக்கிறது. ஓட்டு வில்லையைத் தூக்கிப் பார்ப்பது அவற்றுக்கு ஒரு பொழுதுபோக்கு. வர்ணம் பூசிய தகடு மேலே, நடுவில் தடுப்பு, அடியில் மரப்பலகை சீலிங் என்பது என் யோசனை. சீலிங் இல்லாத தகடு மழை நாளில் பேசவே விடாது. ஷீட்டின் மேல் ஓடு பதிப்பவர்களும் உண்டு, செலவு கூடும். சீலிங்குக்கு எஸ்டேட் நிழல்மரமான சில்வர் ஓக் பலகை மலிவாகக் கிடைக்கும், ஆனால் சீக்கிரம் பூச்சி அரிக்கும். போரிக் அமிலமும் வெண்காரமும் கரைத்த தண்ணீரில் ஊறவைத்து உலர்த்தித்தான் அடிக்க வேண்டும். மூங்கில் போடுவதாக இருந்தாலும் இதே வைத்தியம்.

இடத்தைப் பற்றி. சரிவை நேராக வெட்டிச் சமதளமாக்கி வீட்டை வைப்பதுதான் மலையில் நடக்கும் பெரிய தவறு. வெட்டிய பக்கம் சுவர் வேண்டும், சுவருக்குப் பின்னால் தண்ணீர் சேரும், சுவர் வயிறு தள்ளும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைச்சாலையில் எத்தனை இடத்தில் மண் சரிந்தது என்று பார்த்திருப்பீர்கள். சிறிய வீட்டின் பெரிய லாபமே இங்கேதான் இருக்கிறது: பதினைந்து அடி அகலத்துக்கு மேல் தேவையில்லை என்பதால் சரிவின் போக்கிலேயே குறுக்காக வைக்கலாம், கீழ்ப்பக்கத்தைக் கல் தூணில் நிறுத்தலாம், வெட்டு மூன்று அடிக்குள் முடிந்துவிடும். மேல்பக்கம் ஒரு வடிகால் வெட்டி, வரும் தண்ணீரை வீட்டைச் சுற்றித் திருப்பி விடுங்கள். இடத்தின் குறுக்கே மழைக்காலத்தில் மட்டும் ஓடும் ஓடை இருந்தால், கோடையில் தரகர் அதைப் பாதை என்று காட்டுவார். ஐப்பசியில் ஒரு தடவை போய்ப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

தண்ணீர்க் கணக்கு. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் பெய்தால் ஒரு லிட்டர். வீடும் திண்ணையும் சேர்ந்து 450 சதுர அடிக் கூரை என்றால் 42 சதுர மீட்டர். ஏற்காட்டுக்கு வருடத்துக்குச் சுமார் 1,500 மில்லிமீட்டர் மழை. சிந்தியது சிதறியது போக எண்பது சதவீதம் பிடித்தால் 50,000 லிட்டர். மூன்று பேர் ஆளுக்கு எழுபது லிட்டர் செலவழித்தால் வருடத்துக்கு 76,000 லிட்டருக்கு மேல் வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு கூரையிலிருந்தே வருகிறது, மோசமில்லை. தை முதல் சித்திரை வரைதான் இழுபறி. 15,000 லிட்டர் தொட்டி எழுபது நாள் தாங்கும், மிச்ச நாளுக்குப் பஞ்சாயத்துக் குழாயோ லாரியோ. ஆழ்துளைக் கிணற்றை நம்பி இடம் வாங்காதீர்கள், அடியில் இருப்பது சார்னோக்கைட் கரும்பாறை. வெடிப்பில் துளை விழுந்தால் தண்ணீர், இல்லாவிட்டால் தூசி. கழிவறைக்கு மண் ஆழமாக இருந்தால் இரட்டை உறிஞ்சு குழி போதும். ஒன்று நிறைந்ததும் அடுத்ததுக்கு மாற்றிவிட்டு, முதலாவது மட்கி உரமாகக் காத்திருக்க வேண்டும். ஆறு அடியிலேயே பாறை வந்தால் அது வேலை செய்யாது, உங்களுக்குக் கீழே இருப்பவரின் ஊற்றில் போய்ச் சேரும். அங்கே மூடிய தொட்டியும் அதை ஒட்டிக் கல்வாழைப் பாத்தியும்தான் வழி. குளிக்கிற, பாத்திரம் கழுவுகிற தண்ணீரை நேராகச் செடிக்கு விடலாம்.

சட்டம் என் துறை இல்லை, பத்திரத்தை வக்கீலிடம்தான் காட்ட வேண்டும். ஆனால் கட்டட அனுமதிக்கு அலைந்த அனுபவத்தில் ஒரு எச்சரிக்கை: மற்ற எல்லாவற்றையும் விட உங்கள் கேள்வியில் என்னைப் பயமுறுத்துவது அந்த "ஆறு சென்ட்". எஸ்டேட்டைத் துண்டு போட்டு விற்கிறார்கள் என்றால் அது அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவா என்று முதலில் கேளுங்கள். அங்கீகாரமில்லாத மனைகளை வரன்முறைப்படுத்தும் திட்டத்துக்கு 2016 அக்டோபர் 20 தான் எல்லை நாள், அதற்குப் பிறகு பிரித்த துண்டு அதில் வராது. சமவெளியில் 2,500 சதுர அடிக்கு உட்பட்ட மனையில் கட்டும் சிறிய வீட்டுக்கு 2024 முதல் சுயசான்று முறையில் இணையத்திலேயே அனுமதி கிடைக்கிறது. அதைப் பார்த்துவிட்டு மலையிலும் அப்படித்தான் என்று நினைத்துவிடாதீர்கள். ஏற்காட்டுக் கிராமங்கள் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் வரம்பில் வருகின்றன, அது தனி நடைமுறை, பொறுமை வேண்டும். நிழல்மரம் வெட்டவும் 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். அரசு நிபந்தனையோடு ஒப்படைத்த நிலமா என்று மூலப்பத்திரம் வரை பார்க்கச் சொல்லுங்கள். வீடு சிறியது, யார் கேட்கப் போகிறார்கள் என்று சிலர் கட்டிவிடுகிறார்கள். மின் இணைப்புக்குப் போகும்போது கேட்பார்கள்.

இப்போது உள்ளே எப்படி இருப்பது. ஆறுக்கு ஐந்து கட்டில் ஒன்று 30 சதுர அடி, வீட்டில் பத்தில் ஒரு பங்கு, பகல் முழுக்கச் சும்மா கிடக்கும். குகையில் எங்களிடம் இருந்தது இரண்டு பாய், ஒரு டிரங்குப் பெட்டி, சுவரில் பதித்த அலமாரி. அதனால் அது கூடமாகவும் படுக்கையறையாகவும் மாறிக்கொண்டே இருந்தது. ஆனால் மலையில் தரை சில்லிடும், வெறும் பாயில் படுக்க முடியாது. ஒன்றரை அடி உயர மரமேடை கட்டி, அடியில் இழுப்பறை வைத்தால் படுக்கை, திண்டு, பெட்டி மூன்றும் அதுவே. குளிருக்குக் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்துவது உயிருக்கே ஆபத்து, சிறிய அறையில் இன்னும் சீக்கிரம். மகளுக்கு இப்போது ஏழு வயது. இன்னும் ஐந்தாறு வருடத்தில் அவளுக்குக் கதவு சாத்திக்கொள்ள ஓர் இடம் வேண்டும், அதை இன்றைக்கே திட்டத்தில் வையுங்கள். அதனால் 300 சதுர அடியை ஒரே பெட்டியாக்காமல் இரண்டாகப் பிரிக்கச் சொல்வேன். 190 சதுர அடியில் சமையலும் கூடமும் கழிவறையும். எதிரே 110 சதுர அடியில் ஒரு தனி அறை, இப்போது நீங்கள் படுக்க, பிறகு அவளுக்கு. இரண்டுக்கும் நடுவில் ஒரே கூரையின் கீழ் பத்துக்குப் பதினைந்து அடியில் திறந்த திண்ணை. சாப்பிட, படிக்க, மழையைப் பார்க்க, வந்த உறவுக்காரர்கள் உட்கார, ஈரத்துணி உலர்த்த எல்லாம் அங்கேதான். திண்ணைக்குச் சுவர் கிடையாது, அதனால் சதுர அடிக்கு ஆகும் செலவில் பாதி கூட வராது. மூன்று பேர் மூச்சு முட்டாமல் வாழ அந்த 150 சதுர அடியே காரணமாக இருக்கும். ராத்திரியில் காட்டுமாடு வந்து நிற்கும் பகுதிகள் உண்டு, அதனால் இடுப்புயரத்துக்குக் கட்டையும் ஒரு கேட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பணத்தில் ஒரு விஷயம் உறுதி: பாதி அளவு வீட்டுக்குப் பாதி செலவு ஆகாது. கழிவறை, சமையல் மேடை, தொட்டி, குழி, மின்கம்பி எல்லாம் 900 சதுர அடி வீட்டுக்கும் இதற்கும் கிட்டத்தட்ட ஒன்றே. சதுர அடிக் கணக்கில் உங்கள் வீடு ஊருக்குள் கட்டுவதை விட அதிகமாகத்தான் வரும், அதன் மேல் மலைக்கு ஏற்றும் லாரி வாடகை. அரசுத் திட்டத்தில் 360 சதுர அடிக்கு மூன்றரை லட்சம் தருகிறார்கள். அதை வைத்து உங்கள் பட்ஜெட்டைப் போடாதீர்கள், அந்த வீடுகளில் வீட்டுக்காரர்களின் கைப்பணமும் உழைப்பும் கணக்கில் வராமல் சேர்ந்திருக்கிறது. கடன் வேண்டாம் என்றால் முதல் வருடம் தொட்டி, பேஸ்மட்டம், 190 சதுர அடிப் பகுதி, முழுக் கூரைக்கான தூண்கள் மட்டும். இரண்டாவது அறையைக் கை ஏறும்போது கட்டலாம். சுவர் கட்டி வைத்துவிட்டுக் கூரைக்குக் காத்திருக்கும் வேலை மட்டும் மலையில் ஆகாது.

மகளின் பள்ளி, உங்கள் வேலை, ராத்திரி காய்ச்சல் வந்தால் முப்பது கிலோமீட்டர் கீழே இறங்குவது, இவற்றில் நான் கருத்துச் சொல்ல முடியாது. அதற்கு ஒரு வழி மட்டும் சொல்கிறேன். இடத்துக்குப் பணம் கட்டும் முன், வரும் ஐப்பசி கார்த்திகையில் ஏற்காட்டில் ஏதாவது ஓர் ஓட்டு வீட்டை மாத வாடகைக்குப் பிடியுங்கள், சுற்றுலா விடுதி வேண்டாம். அஸ்தம்பட்டி வீட்டிலிருந்து ஓர் ஆட்டோவில் ஏறும் அளவுக்கு மட்டும் சாமான் கொண்டுபோங்கள். மூன்றாவது வாரம் துணி எத்தனை நாளில் காய்கிறது, எந்தச் சாமானை எடுக்க மனைவி கீழே போய்வரச் சொன்னார், மகள் மழை நாளில் எங்கே உட்கார்ந்து விளையாடினாள் என்று குறித்து வையுங்கள். அந்தக் குறிப்போடும் இடத்தின் எஃப்.எம்.பி. (நில அளவை) வரைபடத்தோடும் திரும்ப எழுதுங்கள், திண்ணையை எந்தத் திசையில் வைப்பது என்று உட்கார்ந்து பார்க்கலாம்.